ஊட்டும் நிலமும் உண்ணும் நகரும்: பினாங்கின் உணவு வரலாற்றில் பொது நிறுவனங்கள்

முன்னுரை

உணவுக்குப் பெயர்பெற்ற நகரம் பினாங்கின் ஜார்ஜ்டவுன். அதன் உணவு வகைகளைப் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். ஆயின், அந்நகரம் உண்ணும் அரிசி எவர் நிலத்தில் விளைந்தது, எவ்வழியே வந்தது என்னும் வினா அந்த அளவிற்கு எழுப்பப்படுவதில்லை. தோட்டப்புறத் தமிழர் வரலாற்றைப் பயிற்றுவிக்கும் நமக்கு இவ்வினா அயலானதன்று. நகரின் பசியைத் தணிக்கவும் வேண்டிப் பெறப்பட்ட நிலத்தில்தான் நம் முன்னோர் பலர் கரும்பு வெட்டினர். அந்நிலத்தில் வயலைக் கரும்பு விஞ்சியது எவ்வாறு, நெல்லுக்குத் துணை எப்போது கிட்டியது என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

பசிக்காகப் பெற்ற நிலம்

1786இல் பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பில் பினாங்குத் தீவைக் கைக்கொண்டார். துறைமுகம் வளர்ந்தது, மக்கள் பெருகினர். மலைப்பாங்கான தீவில் அதற்கேற்ப வயல்கள் பெருகவில்லை. அரிசிக்கும் கால்நடைக்கும் எதிர்க்கரையிலிருந்த கெடாவையே தீவு நம்பியிருந்தது. 1791இல் கெடா சுல்தான் பிறையில் படை திரட்டியபோது, உணவு தரும் கரை பகைக்கரையாகவும் மாறக்கூடும் என்பது தெளிவாயிற்று.

1800இல் ஜார்ஜ் லீத் செய்த உடன்படிக்கையின் வழி, மூடா ஆற்றிற்கும் கிரியான் ஆற்றிற்கும் இடைப்பட்ட கடற்கரை நிலம் கம்பெனியின் வசமாயிற்று. கெடாவிற்கு ஆண்டுதோறும் அளிக்கப்பட்ட தொகை 10,000 ஸ்பானிய டாலராக உயர்த்தப்பட்டது. தலைமை ஆளுநர் வெல்லெஸ்லியின் பெயர் பெற்ற அம்மாகாணமே இன்றைய செபராங் பிறை. துறைமுகப் பாதுகாப்பும் கடற்கொள்ளைத் தடுப்பும் அதனைப் பெற்றதற்குரிய காரணங்கள். தீவுக்கு உணவளிக்கும் நிலம் வேண்டும் என்பதும் அவற்றோடு ஒத்த காரணமாகும்.

நிலம் கிடைத்த அளவிலேயே நெல் விளைந்துவிடவில்லை. 1821இல் சயாமியர் கெடாவைத் தாக்கியபோது உயிர் தப்பி வந்த மலாய் உழவர்கள் இம்மாகாணத்தில் காடு திருத்தி வயலமைத்தனர். பினாங்கின் மண்ணையும் வேளாண்மையையும் பற்றி 1836இல் வெளிவந்த ஜேம்ஸ் லோவின் நூல் அக்கால நிலையை அறிய உதவும் முதன்மைச் சான்றாகும். நெல்வயல்களின் பெருக்கத்திற்குக் கம்பெனியின் திட்டத்தைக் காட்டிலும் ஏதிலிகளின் உழைப்பே பெரிதும் துணைநின்றது எனலாம்.

கரும்பு வென்ற வரலாறு

1840களில் மாகாணத்தின் தென்பகுதியில் ஐரோப்பியரின் கரும்புத் தோட்டங்கள் பெருகின. பத்து காவானிலும் நிபோங் திபால் வட்டாரத்திலும் உழைக்க, நாகப்பட்டினத்தில் கப்பலேறிய தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டனர். அவர்கள் விளைவித்த சர்க்கரை கடல் கடந்து சென்றது. அவர்கள் உண்ட அரிசியோ பெரும்பாலும் பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கடல் கடந்து வந்தது. 1910இல் ஒப்பந்தக்கூலி முறை ஒழிந்தது. கரும்பின் இடத்தை இரப்பர் பிடித்தது. சோற்றுக்கான வழி மட்டும் மாறவில்லை.

இதற்கு மண்ணின் தன்மையை மட்டும் காரணமாகக் கூறுதல் பொருந்தாது. கரும்புக்கு முதல் இருந்தது, ஆலை இருந்தது, ஆளைப் பிணிக்கும் சட்டம் இருந்தது, வாங்குவதற்கு இலண்டன் சந்தை இருந்தது. நெல்லுக்கு உழவனின் கையும் வானத்து மழையுமே இருந்தன. 1890இல் எழுந்த சௌராஸ்தா சந்தை நகரத்தாருக்கு விற்பனைக்கூடம் தந்தது; வயலுக்கு நீரையோ உழவனுக்கு உறுதியான விலையையோ ஒரு சந்தைக் கட்டடம் தர இயலாது.

நெல்லுக்கு வாய்த்த நிறுவனங்கள்

செபராங் பிறையை அடுத்த பேராக்கின் கிரியான் பகுதியில் 1906இல் நிறைவுற்ற பாசனத் திட்டம் ஒரு திருப்பமாகும். முதல் உலகப்போரின் இறுதியில் இறக்குமதி அரிசி தட்டுப்பட்டபோது, கூட்டு மலாய் மாநிலங்களில் 1918இல் உணவு உற்பத்திச் சட்டம் இயற்றப்பட்டது. 1930இல் நெற்பயிர்க் குழு அமைந்தது. 1932இல் வடிகால் பாசனத் துறை தோன்றியது. ஆயினும் இரண்டாம் உலகப்போருக்கு முன்னர் மலாயா தன் அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை வெளியிலிருந்தே பெற்றது. 1941 திசம்பரில் ஜப்பானியர் பினாங்கைக் கைப்பற்றிய பின்னர் அவ்வழி அடைபட்டது. மரவள்ளிக்கிழங்கே சோறாயிற்று என்று தோட்டப்புற முதியோர் கூறிவந்தது அவ்வரலாற்றின் வாய்மொழிச் சான்று.

விடுதலைக்குப் பின் பொது நிறுவனங்கள் ஒன்றையொன்று தாங்கி நின்றன. 1965இல் வேளாண் சந்தை வாரியமான ஃபாமா நிறுவப்பட்டது. 1966இல் தொடங்கி 1970இல் நிறைவுற்ற மூடா பாசனத் திட்டம், கெடா, பெர்லிஸ் சமவெளியில் ஏறத்தாழ 96,000 எக்டேரில் இருபோக நெல்லைச் சாத்தியமாக்கியது. 1971இல் தேசிய நெல் அரிசி வாரியம் அமைந்தது. அதன் பணிகளை ஏற்ற பெர்னாஸ் 1996இல் தனியார்மயமாயிற்று.

இவ்வளவிற்குப் பின்னும் பழைய சார்பு தீரவில்லை. 2023 சூலையில் இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. அவ்வாண்டு செப்டம்பரில் மலேசியாவில் இறக்குமதி அரிசியின் விலை டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ரிங்கிட்டாக உயர்ந்தது. தடை 2024இல் விலக்கப்பட்டது. எனினும், தொலைவிலுள்ள அரசு ஒன்றின் ஆணை நம் சோற்றுப் பானையைத் தொடும் என்பதை அது உணர்த்திற்று.

வாங்கும் நிறுவனங்கள்

இதுகாறும் நாம் கண்டவற்றுள் பெரும்பாலானவை விளைவிக்கவும் விற்கவும் துணைநிற்கும் நிறுவனங்கள். உண்ணும் பொது நிறுவனங்களையும் உழவனோடு இணைப்பது அடுத்த படியாகும். தமிழகத்தில் 1956இல் காமராசர் ஆட்சியில் விரிந்த மதிய உணவுத் திட்டமும், 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டமும் பள்ளியை உணவுக்கூடமாகவும் ஆக்கின. 1999இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை, உழவரை நுகர்வோரோடு நேரே இணைத்தது. இவ்விரு நோக்கங்களையும் பிரேசில் ஒன்றாக்கியது. பள்ளி உணவிற்கென நடுவணரசு வழங்கும் நிதியில் குறைந்தது 30 விழுக்காட்டைக் குடும்ப உழவர்களின் விளைபொருள்களுக்குச் செலவிட வேண்டும் என 2009இல் அந்நாடு சட்டமியற்றியது.

பினாங்கிலும் நாள்தோறும் பலருக்கு உணவளிக்கும் மருத்துவமனைகள், பள்ளிகள், 1969இல் தோன்றிய அறிவியல் பல்கலைக்கழகம் ஆகியன உள்ளன. செபராங் பிறையின் வடபகுதியில் இன்றும் நெல் விளைகிறது. இவ்விரு தரப்பையும் நீண்டகால வாங்கல் ஒப்பந்தங்கள் இணைக்குமாயின், உழவனுக்கு முன்கூட்டியே விலை தெரியும்; அவன் நிலம் வீட்டுமனையாகும் வேகமும் தணியக்கூடும்.

முடிவுரை

ஒரு நிலம் எவருக்கு ஊட்டும் என்பதை அதனைச் சூழ்ந்த நிறுவனங்களே பெரிதும் தீர்மானிக்கின்றன என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. 19ஆம் நூற்றாண்டில் அவை கரும்பின் பக்கம் நின்றன. அதன் விலையைத் தமிழ்த் தொழிலாளர் உழைப்பாலும் உடலாலும் செலுத்தினர். தோட்டத் தமிழர் இலயங்களின் ஓரத்தில் வளர்த்த காய்கறியும் மாடுகளும் அவர்தம் உணவு வரலாற்றின் மற்றொரு பக்கமாகும். அவை பற்றிய முதியோரின் நினைவுகளை, சொல்வோர் இருக்கும்போதே மாணவர்களைக் கொண்டு பதிவு செய்தல் தமிழாசிரியர்களாகிய நம் கைக்கு எட்டும் பணியாகும்.