யவனர் ஜாடியும் மலைமூங்கிலும்: யார் எதைக் குடித்தார்கள்?

"ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே தமிழன் இத்தாலி ஒயின் குடிச்சான்." இந்த வரி ஆறு மாசத்துக்கு ஒருமுறையாவது ஏதாவது ஒரு வாட்ஸ்அப் குழுவில் வந்துவிடுகிறது. கூடவே ஒரு ஆம்போரா ஜாடியின் படம். கீழே நாற்பது கைதட்டல். இதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு நம் ஆசை என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது ரொம்ப நாள் எண்ணம். போன வருடம் நானும் மனைவியும் எட்டு நாள் தென் இத்தாலிக்குப் போனோம். நேப்பிள்ஸ், பாம்பே நகரம், பொட்சுவோலி, வெசூவியஸ் அடிவாரம். ஊர் பார்ப்பது, சாப்பிடுவது, திராட்சைத் தோட்டங்களில் ஒயின் ருசி பார்ப்பது என்று திட்டம் முழுக்க அவங்க போட்டது. மியூசியம் மட்டும் நான் சேர்த்தது. எனக்குச் சொந்த ஊர் அரூர் பக்கம், சித்தேரி மலை. அந்த மலையையும் மனசில் வைத்துக்கொண்டு பார்த்ததால் சில விஷயங்கள் வேறு மாதிரி தெரிந்தன. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நம்ம பக்கத்து ஆதாரம். புறநானூறு 56-ஆம் பாட்டு, நக்கீரர் பாடியது. யவனர் நல்ல கலத்தில் கொண்டு வந்த குளிர்ந்த, மணமுள்ள தேறலை, வளையணிந்த பெண்கள் பொற்கலத்தில் ஏந்திக் கொடுக்க, நீ மகிழ்ந்திரு என்று பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறார். இலக்கியச் சான்று தெளிவாக இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: குடிப்பவர் ராஜா. பாத்திரம் தங்கம். ஊர் ஜனம் குடித்தது என்று நக்கீரர் எங்கேயும் சொல்லவில்லை.

அடுத்து மண்ணுக்குள் கிடைத்தது. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேடு. 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டினார். பிறகு 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழு தோண்டியது. அங்கே கிடைத்த ஆம்போரா ஓடுகளை ஆராய்ந்தவர் எலிசபெத் லைடிங் வில். ஆம்போரா என்பது ரெண்டு காது வைத்த, அடி கூம்பின ஜாடி. அந்தக் காலத்துக் கப்பல் கன்டெய்னர் என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்றில் சுமார் 26 லிட்டர் பிடிக்கும். ஜாடியின் காது, வாய், மண் மூன்றையும் பார்த்தே எந்த ஊர்ச் சரக்கு என்று சொல்லிவிட முடிகிறது. கிரேக்கத் தீவான கோஸ் பாணி ஜாடிக்கு, ரெண்டு கம்பியை ஒட்டி வைத்த மாதிரி இரட்டைக் காது. நேப்பிள்ஸ் சுற்றியுள்ள கம்பானியா பகுதி ஜாடியென்றால், மண்ணில் எரிமலைக் கருமணல் கலந்திருக்கும். ரெண்டு வகையும் அரிக்கமேட்டில் இருக்கின்றன. ஆக, வெசூவியஸ் மலையைச் சுற்றி விளைந்த திராட்சையின் சாறு நம் கடற்கரைக்கு வந்தது நிஜம்.

கோஸ் ஒயின் பற்றி ஒரு சுவாரசியம். அதில் கடல்நீர் கலப்பார்கள். ரோமானியரான கேட்டோ தன் விவசாய நூலில் அதற்கு செய்முறையே எழுதி வைத்திருக்கிறார். உப்பு சேர்ந்தால் கெடாமல் இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. இத்தாலியிலிருந்து எகிப்து, அங்கே நைல் நதி, பிறகு பாலைவனத்தில் ஒட்டகம், பிறகு செங்கடல், பிறகு பருவக்காற்றில் அரபிக்கடல் என்று மாசக்கணக்கில் பயணம் செய்ய வேண்டிய சரக்கு. மனைவியிடம் இதைச் சொன்னபோது, "அப்ப ஊறுகாய் மாதிரிதாங்க" என்றார். கச்சிதமான விளக்கம்.

சரி, எவ்வளவு வந்தது? இங்கேதான் கணக்கு பார்க்க வேண்டும். கி.பி. முதல் நூற்றாண்டு நடுவில் ஒரு கிரேக்க வணிகர் எழுதிய 'எரித்ரேயக் கடல் வழிகாட்டி' என்ற பெரிப்ளூஸ் நூல் துறைமுகம் துறைமுகமாகச் சரக்குப் பட்டியல் தருகிறது. முசிறிக்குக் கொண்டுபோக வேண்டியவற்றில் முதல் இடம் காசுக்கு, அதுவும் பெருமளவில். பிறகு துணி, பவளம், கண்ணாடி மூலப்பொருள், செம்பு, தகரம், ஈயம். ஒயின் உண்டு, ஆனால் 'அதிகமில்லை' என்ற குறிப்போடு. கோதுமை பற்றி அதே இடத்தில் சொல்வது இன்னும் முக்கியம்: அது கப்பல்காரர்களுக்குப் போதுமான அளவு மட்டும், ஏனென்றால் அங்குள்ள வணிகர்கள் அதைப் பயன்படுத்துவதில்லை.

விலையையும் பார்ப்போம். பாம்பே நகரத்தில் ஒரு மதுக்கடைச் சுவரில் விலைப்பட்டியல் எழுதியிருக்கிறது. சாதா ஒயின் ஒரு ஆஸ், நல்லது ரெண்டு ஆஸ், பேர்போன ஃபலெர்னியன் நாலு ஆஸ். 16 ஆஸ் சேர்ந்தால் ஒரு தினாரியஸ். பிளினி தன் இயற்கை வரலாற்றில் கருமிளகு ஒரு ரோமானிய பவுண்டு நாலு தினாரியஸ் என்கிறார். ரோமானிய பவுண்டு என்பது சுமார் 327 கிராம். ஆக, கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேலான மிளகுக்கு 64 தடவை சாதா ஒயின் வாங்கிக் குடிக்கலாம். அன்றைய படைவீரனின் வருஷச் சம்பளம் 225 தினாரியஸ். அந்த மிளகு அவனுக்கு ஆறேழு நாள் கூலி.

இந்த எண்களை வைத்துப் பார்த்தால் வியாபாரத்தின் திசை புரிந்துவிடும். கனமான, மலிவான ஒயினை ஏற்றிவந்து மிளகு வாங்குவது கட்டுப்படியாகாது. அதனால்தான் தங்கமும் வெள்ளியுமாகக் காசு வந்து கொங்கு நாட்டில் புதையல் புதையலாகக் கிடைக்கிறது. வருஷத்துக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குப் போகிறது என்று பிளினி புலம்புகிறார். அதே பிளினி கி.பி. 79-இல் வெசூவியஸ் வெடித்தபோது, அந்த விரிகுடாவின் கரையிலேயே செத்துப்போனார்.

அப்படியானால் அரிக்கமேட்டு ஒயினை யார் குடித்தது? அங்கே ஒயின் ஜாடியோடு ஆலிவ் எண்ணெய் ஜாடியும், கருவாட்டுக் குழம்பை நினைவுபடுத்தும் 'காரும்' என்ற மீன்சாற்று ஜாடியும் கிடைத்திருக்கின்றன. நல்லெண்ணெயும் கருவாடும் இருக்கிற ஊரில் இவை யாருக்கு? பெரும்பாலும் பருவக்காற்று திரும்பும்வரை தங்கியிருந்த மேற்கத்திய வணிகருக்கும் மாலுமிகளுக்கும் என்பதே பொருத்தமாகப் படுகிறது. அவர்கள் நம்ம ஊர் மன்னர்களுக்குக் கொடுத்த அன்பளிப்பு நக்கீரர் பாட்டில் பதிவாகியிருக்கலாம். வெளிநாட்டில் வேலை பார்க்கிற நம்மவர்கள் பெட்டியில் சாம்பார் பொடி எடுத்துப்போகிறோமே, அதே கதைதான்.

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. ராபர்ட்டா டோம்பர் என்ற பானையோட்டு ஆய்வாளர், இந்தியாவில் 'ரோமானிய ஆம்போரா' என்று பதிவான ஓடுகள் பலவற்றைத் திரும்ப எடுத்துப் பார்த்தார். நிறைய ஓடுகள் மெசபொத்தேமியா பக்கத்து டார்பிடோ ஜாடிகள் என்று 2007-இல் எழுதினார். அவற்றுக்குக் காது கிடையாது. உள்ளே கீல் பூசியிருக்கும். காலமும் சில நூற்றாண்டு பிந்தி வரும். மேற்கு இந்தியாவில்தான் இவை அதிகம். அரிக்கமேட்டு ஆம்போரா இதனால் பொய்யாகிவிடாது. ஆனால் கூம்பு அடியுள்ள ஓடு எங்கே கிடைத்தாலும் 'இத்தாலி ஒயின்' என்று லேபிள் ஒட்டுவதற்கு முன் ஒருமுறை யோசிக்க வேண்டும்.

இப்போது எதிர்த்திசை. நம்ம சரக்கு அங்கே எங்கே தெரிகிறது? நேப்பிள்ஸ் தொல்லியல் மியூசியத்தில் ஒரு சின்ன தந்தச் சிலை இருக்கிறது. 1938-இல் பாம்பேயில் ஒரு வீட்டில் கிடைத்தது. 'பாம்பே லட்சுமி' என்று பேர் வைத்தார்கள். இப்போது அது யட்சி என்பது பலர் கருத்து. அடியில் ஒரு கரோஷ்டி எழுத்து இருக்கிறது, இதே பாணிச் சிலைகள் மராட்டியத்தில் தேர், போகர்தன் ஊர்களில் கிடைத்திருக்கின்றன. ஆக, அது தக்காணத்துப் பொண்ணு, தமிழ்நாட்டில் செய்தது என்று சொல்ல இடமில்லை. தமிழ் தெரிவது எகிப்தில். செங்கடல் துறைமுகங்களான பெரனிகே, குசைர் அல்-கதீம் இரண்டிலும் தமிழி எழுத்துள்ள பானையோடுகள் கிடைத்தன. பெரனிகேயில் இந்தியப் பானை ஒன்றுக்குள் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே இருந்தது.

பொட்சுவோலி அன்றைய புட்டியோலி துறைமுகம். அந்த ஊர் அன்னியுஸ் குடும்பத்தோடு தொடர்புடைய அன்னியுஸ் புளோகமுஸ் என்பவரின் அடிமை லிசாஸ், கி.பி. 6-இல் எகிப்துப் பாலைவனப் பாறையில் பேர் வெட்டி வைத்திருக்கிறான். அதே பெயருள்ளவரின் ஆள் ஒருவன் புயலில் இலங்கைக்கு அடித்துக்கொண்டு போன கதையை பிளினி சொல்கிறார். ராத்திரி அந்த ஊர்த் துறையோரம் உட்கார்ந்து சிப்பி போட்ட பாஸ்தா சாப்பிட்டோம். மேலே தூவியிருந்தது மிளகு. ரோமானியச் சமையல் நூலான அபிகியுஸ் தொகுப்பிலும் பெரும்பாலான குறிப்புகளில் மிளகு உண்டு. முதல் குறிப்பே தேனும் மிளகும் சேர்த்துக் காய்ச்சிய ஒயின்தான். ஜாடி ஜாடியாக ஒயின் இங்கே வந்து ஊர் ஜனத்தைச் சேரவில்லை. ஆனால் நம்ம மிளகு அங்கே போய் ஒயினுக்குள்ளேயே இறங்கிவிட்டது.

இனி சித்தேரிக்கு வருகிறேன். யவனத் தேறல் வந்த அதே காலத்தில் நம்ம மலைகளில் என்ன குடித்தார்கள்? இதற்குப் பதில் சொல்லும் நூல் மலைபடுகடாம். பெருங்கௌசிகனார் பாடியது. தலைவன் நன்னன், ஊர் செங்கண்மா. இன்றைய செங்கம். அரூருக்கு வடகிழக்கே பக்கத்து மாவட்டம். கூத்தரும் விறலியரும் சேர்ந்து போகும் பயணத்துக்கு வழிகாட்டி அது. எந்தப் பாறை வழுக்கும், எங்கே பாம்பு இருக்கும், எந்தச் சிற்றூரில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்று வரிசையாகச் சொல்கிறது. நெய்யில் வெந்த இறைச்சியோடு தினைச்சோறு, மூங்கிலரிசி, அவரையும் புளியும் சேர்ந்த கூழ், மூங்கில் குழாயில் முதிர்ந்த தேன் தேறல், நெல்லில் செய்த நறவு. இத்தாலியில் எங்கள் கையில் இருந்த சாப்பாட்டுப் பயண வழிகாட்டிப் புத்தகத்துக்கும் இதற்கும் அமைப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. இது வந்து ரெண்டாயிரம் வருஷம் ஆகப்போகிறது, அவ்வளவுதான்.

நம்ம தகடூர் அதியமானையும் சேர்த்துக்கொள்ளலாம். கரும்பை வெளியிலிருந்து இங்கே கொண்டு வந்தவர்கள் அவன் முன்னோர் என்கிறது புறநானூறு. கள் கொஞ்சமாக இருந்தால் எங்களுக்குக் கொடுத்துவிடுவான், நிறைய இருந்தால் எங்களைப் பாடவைத்துக் கூட உட்கார்ந்து குடிப்பான் என்று அவன் செத்தபின் ஔவை அழுகிறாள். நடுகல்லில் சின்னக் கலத்தில் வார்க்கும் கள்ளை அவன் ஏற்பானோ என்று இன்னொரு பாட்டில் கேட்கிறாள். பாம்பேயில் நொசேரா வாசலுக்கு வெளியே உள்ள கல்லறைகளில், செத்தவருக்கு ஒயின் ஊற்றுவதற்காக மண்ணுக்குள் குழாய் பதித்திருக்கிறார்கள். அதைப் பார்த்தபோது தர்மபுரி நடுகற்கள்தான் கண்ணில் வந்தன. ரெண்டு ஊருக்கும் நடுவில் இதற்காகக் கப்பல் எதுவும் ஓட வேண்டியிருக்கவில்லை. செத்தவனுக்கும் ஒரு பங்கு ஊற்ற வேண்டும் என்று இரு பக்கமும் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது.

என்னை உறுத்துகிற விஷயம் இதற்குப் பிறகுதான் வருகிறது. வில்ஹெல்மினா ஜஷெம்ஸ்கி என்ற ஆய்வாளர் பாம்பேயில் ஒரு திராட்சைத் தோட்டத்தைக் கண்டுபிடித்தார். வேர் மக்கிப்போய் மண்ணில் விட்ட ஓட்டைகளில் சாந்து ஊற்றி, 2,000-க்கும் மேற்பட்ட கொடிகள் நின்ற இடத்தைக் குறித்தார். பிறகு பாம்பேயிலேயே பழைய முறையில் கொடி நட்டு 2001 அறுவடையிலிருந்து ஒயின் செய்தார்கள். அடிவாரத்துத் தோட்டக்காரர் எங்களுக்கு ஊற்றிக் கொடுக்கும்போது ஒவ்வொரு திராட்சை ரகத்தின் பெயரையும் பிள்ளை பெயர் போலச் சொன்னார். வேர் இருந்த ஓட்டைக்குக்கூட அங்கே ஒரு பதிவு இருக்கிறது.

சித்தேரியில் சாமையும் தினையும் கேழ்வரகும் இன்னும் உயிரோடு நிற்கின்றன. அவற்றில் எத்தனை ரகம், எது எந்தச் சரிவில் வரும், எதற்கு என்ன பெயர் என்று வயசானவர்களுக்குத் தெரியும். என் சித்தப்பா ஒரே மூச்சில் சாமையில் நாலு பெயர் சொன்னார். அவர் மகனுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவன் விதைப்பது மரவள்ளி. மூங்கில் தேறல் பற்றிக் கேட்டால், "அதெல்லாம் எதுக்கு மாமா, கேஸாயிடும்" என்று சிரித்தான். தேறலும் நறவும் புளிக்கவைத்தவை. காய்ச்சி வடிக்கும் சாராயம் வேறு தொழில்நுட்பம். ஆனால் இன்று மலையில் குடி என்றால் சாராயம், ரெய்டு என்ற ரெண்டு சொல்தான் மிச்சம். அந்த அவமானம் பழைய சாப்பாட்டின் மேலும் படிந்துவிட்டது. களி சாப்பிட்டேன் என்று சொல்ல பிள்ளைகள் கூச்சப்படுகிறார்கள்.

யாரையும் குடிக்கச் சொல்லவில்லை. நான் கேட்பது பதிவு. பாண்டியன் அரண்மனைக்கு வந்த சில ஜாடிகளை வைத்துப் பெருமைப்படுகிற நாம், மலைபடுகடாம் பட்டியலிட்ட உணவில் இன்னும் கண்ணெதிரே விளைகிற பாதியைக் கவனிக்கவில்லை. சித்தப்பா சொன்ன நாலு பெயரையும், யார் வீட்டில் விதை இருக்கிறது என்பதையும் ஒரு விரிதாளில் ஏற்றியிருக்கிறேன். இதுவரை மூன்று குக்கிராமம்தான் முடிந்திருக்கிறது. அரூர், செங்கம், கல்வராயன் பக்கத்து நண்பர்கள் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் சாமை, தினை ரகப் பெயர்களைக் கேட்டு எழுதி அனுப்புங்கள். பெயர், ஊர், எந்த மாசம் விதைப்பார்கள், இந்த மூன்று இருந்தால் போதும். அடுத்த மாசம் விதைப்பு முடிவதற்குள் இன்னும் ரெண்டு ஊருக்காவது போய்விட வேண்டும் என்று இருக்கிறேன்.