நல நிதி கொடையன்று, உரிமை: சிறுசேரியிலிருந்து ஒரு பார்வை

பழைய மாமல்லபுரம் சாலையில் உள்ள சிறுசேரி, இன்று சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவின் பெயராகவே அறியப்படுகிறது. அத்தகைய பெருநிறுவனங்களின் அருகே வாழும் ஒடுக்கப்பட்ட குடும்பங்களுக்கு உதவி என்றதும் தையல் எந்திரம், பள்ளிப் பை, வெள்ளக் கால அரிசி ஆகியவையே பேசப்படுகின்றன. ஆனால், அக்குடும்பங்களுக்கான நிதிக்குச் சட்டத்தில் இரு வழிகள் உள்ளன. அவற்றை அறிந்தால்தான் கேட்பதை உரிமையாகக் கேட்க இயலும்.

செங்கல்பட்டு மண்ணுக்கு இக்கோரிக்கை புதிதன்று. 1891இல் இம்மாவட்ட ஆட்சியராகப் பணியாற்றிய ட்ரெமென்ஹீர் அளித்த அறிக்கையும், அதன் தொடர்ச்சியாக 1892இல் பிறந்த பஞ்சமி நில அரசாணையும் நிலத்தையே தீர்வாக முன்வைத்தன. காரணை பஞ்சமி நிலத்தை மீட்கும் போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிரிழந்தனர்.

முதல் வழி: துணைத் திட்டம்

பட்டியலின மக்களின் தொகை விகிதத்திற்கேற்ப நிதி ஒதுக்கும் சிறப்பு உட்கூறுத் திட்டம் 1979இல் தோன்றியது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20.01 விழுக்காட்டினர், பழங்குடியினர் 1.10 விழுக்காட்டினர். நீண்ட காலம் வெறும் நிர்வாக வழிகாட்டுதலாக இருந்த இவ்வொதுக்கீட்டிற்கு 2024இல் தமிழ்நாடு சட்ட வடிவம் அளித்தது. ஆந்திரமும் கருநாடகமும் 2013இலேயே இத்தகைய சட்டங்களை இயற்றிவிட்டன.

ஒதுக்கப்பட்ட பணம் திசைமாறுவதே இத்திட்டத்தின் பழைய நோய். டெல்லி அரசு பட்டியலினத் துணைத் திட்ட நிதியில் 700 கோடி ரூபாய்க்கு மேல் காமன்வெல்த் விளையாட்டுப் பணிகளுக்குத் திருப்பியது 2010இல் வெளிப்பட்டது. பொதுவான கட்டுமானச் செலவின் ஒரு பங்கைப் பட்டியலின மக்களுக்கே செலவிட்டதாகக் கருதிக்கொள்ள இடமளித்த 7(டி) பிரிவைக் கருநாடகம் 2023இல் நீக்கியது. எல்லோரும் செல்லும் மேம்பாலத்தின் செலவில் ஐந்தில் ஒரு பங்கைச் சேரியின் கணக்கில் எழுதினால், சேரிக்கு வந்து சேர்வது என்ன?

இரண்டாம் வழி: நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி

நிறுவனங்கள் சட்டம், 2013இன் 135ஆம் பிரிவின்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர இலாபம் 5 கோடி ரூபாய் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் குறைந்தது 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். சமூக, பொருளாதார நிலையில் பின்தங்கிய பிரிவினர் எதிர்கொள்ளும் ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் பணி, ஏழாம் அட்டவணையில் வெளிப்படையாகவே இடம்பெற்றுள்ளது.

எனினும் இரு தடைகள் உள்ளன. தாம் இயங்கும் பகுதிக்கு நிறுவனங்கள் முன்னுரிமை தர வேண்டும் என்ற விதி வழிகாட்டுதலே, கட்டாயமன்று என ஒன்றிய அரசு விளக்கியுள்ளது. மேலும், 2021 திருத்தத்தின்படி, இந்நிதியைப் பெற்றுப் பணியாற்ற விரும்பும் தன்னார்வ அறக்கட்டளையோ சங்கமோ வருமான வரிச் சட்டப் பதிவுகளையும் மூன்றாண்டு முன்னனுபவத்தையும் காட்ட வேண்டும். சேரி இளைஞர்கள் நடத்தும் மாலைநேரப் பள்ளிக்கும் மகளிர் குழுவுக்கும் இவை எட்டாக்கனி. ஆகவே, பயனாளிகளாக நாம் இருப்பினும், முடிவெடுக்கும் இடத்தில் வேறு எவரோ அமர்கின்றனர்.

நாம் செய்யத்தக்கவை

துணைத் திட்டத்தில் மாவட்டத்திற்கு வந்த தொகையையும் செலவையும் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஆதிதிராவிடர் நல அலுவலரிடம் ஊர் வாரியாகக் கேட்கலாம். தனியார் நிறுவனம் அச்சட்டத்தின் கீழ் வராது. ஆயினும், இயக்குநர் குழு ஒப்புதல் அளித்த சமூகப் பொறுப்புத் திட்டங்களை, இணையதளம் வைத்துள்ள நிறுவனம் அதில் வெளியிடுவது கட்டாயம். அவ்விவரங்களைக் கையில் கொண்டு, கிராம சபையில் குடும்பங்களின் தேவைகளைத் தீர்மானமாகப் பதிவு செய்ய வேண்டும்.

அரசிடம் நாம் கோருவன இரண்டு: கற்பிதக் கணக்கு எழுதுவதைத் தடுத்து, ஒவ்வொரு குடியிருப்புக்கும் நேரடியாகச் சென்ற தொகையை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும், நிறுவன நிதியைச் செலவிடும் திட்டக் குழுக்களில் அப்பகுதிப் பட்டியலினப் பெண்களுக்கு இடம் உறுதிசெய்ய வேண்டும். யாருக்காக ஒதுக்கப்பட்டதோ, அவர்களே கணக்குக் கேட்கும்போதுதான் நிதி கொடையாக இழியாமல் உரிமையாக நிற்கும்.