கணக்கேடு கிடந்த இடங்கள்

மடு என்ற சொல்லுக்கு, ஓடுகிற நீர் தன் ஓட்டத்தை மறந்து தங்கி நிற்கும் ஆழமான இடம் என்று பொருள். மன்னார்த் தீவுக்கு எதிரே பெருநிலத்தில், மாந்தை மேற்குப் பிரிவில், கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி, வயலும் காடும் கலந்து கிடக்கும் பெரியமடுவுக்கு அந்தப் பெயரை இட்டவர் யாராயினும், இந்த வறண்ட பிரதேசத்தில் மனிதன் முதலில் அறிந்துகொள்ள வேண்டியது நீர் எங்கே தங்கி நிற்கிறது என்பதையே என்று தெளிந்தவராக இருந்திருக்க வேண்டும். நீருக்கு அடுத்தபடியாக எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் இருப்பிடம் தெரிந்து காத்துவந்த பொருள் ஒன்று உண்டென்றால், அது எழுத்து. காணி உறுதி, பெர்மிட், பிறப்பு விவாக சாட்சிப்பத்திரங்கள், நகை அடைவு வைத்த துண்டு, எந்தப் போகத்தில் எந்த வயலுக்கு எத்தனை புசல் விதைத்தோம் என்று பென்சிலால் எழுதிய கொப்பி ஆகிய யாவும், வீட்டின் உள்ளறையில், நெல்மூட்டைக்குப் பின்னால், ஒரு றங்குப்பெட்டிக்குள் இருந்தன. பெட்டியின் சாவி யாருடைய இடுப்பில் இருக்கிறது என்பது வீட்டார் அனைவருக்கும் தெரியும். பிறர் ஒருவருக்கும் தெரியாது.

எழுத்தை எங்கே வைப்பது என்ற பிரச்சினை அரசாண்டவர்களுக்கும் இருந்தது. 1560இல் மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை கட்டிய போர்த்துக்கேயரும், 1658இல் அதனை அவர்களிடமிருந்து பறித்துக்கொண்ட ஒல்லாந்தரும், காணியையும் குடியையும் வரியையும் ஏடுகளில் எழுதிவைக்க முற்பட்ட காலத்தில் வந்துசேர்ந்த ‘தோம்பு’ என்ற அந்நியச் சொல், இன்று இலங்கைத் தமிழருக்கு அந்நியமாகத் தோன்றாத அளவுக்கு நம்முடன் கலந்துவிட்டது. குடும்பங்களை எழுதிய தோம்பு ஒன்று, நிலங்களை எழுதிய தோம்பு வேறொன்று. ஒன்றில் உள்ள மனிதனை மற்றதில் உள்ள நிலத்தோடு பொருத்திப் பார்த்தால்தான் உரிமை துலங்கும். ஆங்கிலேயர் காலத்தில் நிலைபெற்ற முறையோ இன்னும் விவேகமானது. நொத்தாரிசின் முன் முடிக்கப்பட்ட உறுதியில் ஒரு பிரதி உரியவன் கையில் இருக்க, ஒன்று நொத்தாரிசின் கட்டிலும், மற்றொன்று காணிப் பதிவகத்திலும் தங்கின. ஒரே எழுத்து மூன்று இடங்களில் வாழ்ந்தது. ஓர் இடம் அழிந்தாலும் எழுத்து முழுதாக அழிவதில்லை.

அந்த விவேகத்தின் அருமையை நாங்கள் கசப்பான விதத்திலேதான் கற்றோம். 1990 ஒக்டோபரில் மன்னார் மாவட்டத்து முஸ்லிம் மக்கள், வடக்கிலிருந்த ஏனைய முஸ்லிம்களோடு சேர்த்து, சொற்ப அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, பலர் உடுத்த உடையோடு புத்தளத்துப் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். பின்னர் யுத்தத்தின் இறுதிக் கட்டத்தில், 2009 வரை, மாந்தை மேற்கு மக்களும் ஊர் மாறி ஊர் மாறி இடம்பெயர்ந்தார்கள். எத்தனையோ பெட்டிகள் வழியில் கைவிடப்பட்டன. திரும்பி வந்தவர்கள் காடேறிக் கிடந்த வளவின் எல்லையைத் தேடியதுபோலவே, அந்த எல்லையைச் சொல்லும் காகிதத்தையும் தேடினார்கள். காகிதம் போனாலும் அதன் இன்னொரு பிரதி இருக்கும் இடத்தை அறிந்தவனுக்கு நம்பிக்கை இருந்தது. அறியாதவனுக்கு, எழுதப்பட்ட உரிமையும் எழுதப்படாதது போலவே ஆயிற்று.

இவை எல்லாம் என் ஞாபகத்துக்கு வரக் காரணமாக இருந்தவன் என் மருமகன். கணினி படித்த அந்தப் பிள்ளை, குளத்து வான் திறக்கும் நாட்களையும், எந்த வயலுக்கு எப்பொழுது தண்ணீர் பாய்ந்தது என்பதையும் கமக்காரர் தத்தம் கைபேசியிலேயே குறித்துக்கொள்ள ஒரு செயலியை ஆக்கத் தொடங்கியிருந்தான். வயல்வெளியில் தொலைபேசி அலை சீராகக் கிடைப்பதில்லை. ஆகையால் குறிப்புகள் தூரத்துக் கணினி எதற்கும் போகாமல் கைபேசிக்குள்ளேயே ஒரு தரவுக் கோப்பில் தங்கவேண்டும் என்பது அவன் ஏற்பாடு. பரீட்சார்த்தமாகச் சில வரிகளை எழுதிப் பார்த்தவன், ஒரு மாலை, வாடிய முகத்தோடு வந்து, “மாமா, எழுதினதெல்லாம் திரையில திரும்பி வருது. ஆனா அந்த ஃபைல் எங்க கிடக்குது எண்டுதான் தெரியேல்லை; கம்பியூட்டர் முழுக்கத் தேடிப்போட்டன்” என்றான். றங்குப்பெட்டிக் காலத்து மனிதனாகிய எனக்கு அந்தக் கேள்வி மிகவும் பழகிய கேள்வியாகத் தோன்றிற்று. அன்றிலிருந்து அவனோடு உட்கார்ந்து விசாரித்து அறிந்தவற்றை, ஒரு தொழிலின் சரித்திரமாக எழுதிவைப்பது தகுமென்று நினைக்கிறேன்.

கையடக்கக் கருவிகள் ஏடு வைத்துக்கொண்ட வரலாறு மிகப் பழையதன்று. 1996இல் வெளிவந்த ‘பைலட்’ என்னும் சிறு கருவியில் முகவரியும் நாட்குறிப்பும் தரவுத்தளம் என்ற பெயராலேயே வழங்கின. ஆனால் அவை நிலையான வட்டு எதிலும் இல்லாமல், மின்கலம் ஊட்டும் நினைவகத்தில் இருந்தமையால், மின்கலம் முற்றாக ஓய்ந்தால் ஏடும் ஓய்ந்தது; மேசைக்கணினியோடு தொட்டிலில் இருத்திப் பிரதி எடுத்தவன் தப்பினான். பின்னர் ஜாவா ஓடிய சிறு கைபேசிகளில், செயலி எழுதியவனுக்குத் தன் பதிவேட்டின் பெயர் மட்டும் தெரியும். அது கருவியில் எந்த இடத்தில், எந்த வடிவில் கிடக்கிறது என்பதைக் கைபேசி செய்தவர்கள் தீர்மானித்தார்கள். 2006ஆம் ஆண்டளவில் நொக்கியாக் கைபேசிகளில் வந்த சிம்பியன் இயங்குதளத்தின் ஒன்பதாம் பதிப்போ, ஒவ்வொரு செயலிக்கும் அதன் இலக்கத்தால் பெயரிட்ட ஓர் அந்தரங்க அறையை ஒதுக்கி, ஒன்றின் அறைக்குள் மற்றது எட்டிப்பார்க்க முடியாதபடி செய்தது. பூட்டிய பெட்டி என்னும் எண்ணம் கைபேசிக்குள் இவ்விதமாகக் குடிபுகுந்தது.

பெட்டிக்குள் வைக்கப்படும் ஏட்டின் கதை அதனினும் சுவையானது. சற்று நின்று சொல்லவேண்டியது. 2000ஆம் ஆண்டில், ரிச்சர்ட் ஹிப் என்னும் அமெரிக்கர், அந்நாட்டுக் கடற்படைக் கப்பல் ஒன்றுக்கான மென்பொருளில் வேலை செய்துகொண்டிருந்தார். கப்பலில் குழாய் உடைந்தால் எந்த அடைப்பானை மூடி எந்த அடைப்பானைத் திறந்து நீரை வேறு வழியாகச் செலுத்தலாம் என்று கண்டு சொல்வது அந்த மென்பொருளின் கடமை. வாய்க்காலையும் மடையையும் அறிந்த எங்களுக்கு அந்தப் பிரச்சினை ஒரு நொடியில் விளங்கும். ஆனால் விவரங்கள் எல்லாம் ‘இன்ஃபோர்மிக்ஸ்’ என்ற பெரிய தரவுத்தளச் சேவையகத்தின் பொறுப்பில் இருந்தன. சேவையகம் விழுந்துவிட்டால், ஆபத்து வேளையில் கேட்டவனுக்குக் கிடைப்பது, தொடர்புகொள்ள முடியவில்லை என்னும் அறிவித்தல் மாத்திரமே. நடுவில் ஒரு சேவையகமும் அதனைப் பராமரிக்க ஓர் அதிகாரியும் இல்லாமல், ஒரு சாதாரணக் கோப்பிலிருந்தே செயலி நேராகப் படித்துக்கொண்டால் என்ன என்று அவர் எண்ணியதன் விளைவுதான் எஸ்கியூலைட். அதன் முதற்பதிப்பு 2000 ஓகஸ்டில் வந்தது. 2004இல் வந்த மூன்றாம் பதிப்பின் கோப்பு வடிவமே இன்றுவரை வழங்குகிறது. எவரும் அநுமதி கேளாமல் எடுத்துப் பயன்படுத்தும் பொதுச்சொத்தாக அதனை விட்டுவிட்டார்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தரவுகளை நெடுங்காலம் காத்துவைக்கப் பரிந்துரைத்த வடிவங்களில் அதுவும் ஒன்று. முழு ஏடும் ஒரே கோப்பு. அந்தக் கோப்பின் முதல் பதினாறு பைட்டுகளைப் படித்தாலே, தான் இன்ன வடிவம், மூன்றாம் பதிப்பு என்று அது தன் குலம் கோத்திரத்தைச் சொல்லிவிடும். பெயர் மாறிக் கிடந்தாலும் அந்த முகவுரையைக் கண்டு ஏட்டை இனங்காணலாம். பழைய உறுதியின் தலைப்பில் ஆண்டும் இலக்கமும் நொத்தாரிசின் பெயரும் இருந்து வழிகாட்டியதற்கும் இதற்கும் வேற்றுமை சிறிது.

2008இல் ஐபோனின் செயலிச் சந்தையும், ஆண்ட்ராய்டு ஓடும் முதற் கைபேசியும் வந்தபின், இந்த ஏடு உலகத்துப் பைகள் தோறும் புகுந்தது. ஆண்ட்ராய்டை அமைத்தவர்கள் லினக்ஸ் என்னும் பழைய அத்திவாரத்தின்மீது ஒரு நூதனமான ஏற்பாட்டைச் செய்தார்கள். ஒரே கணினியைப் பலர் பகிர்ந்த காலத்தில் ஒவ்வொரு மனிதனுக்கும் கொடுக்கப்பட்ட பயனர் இலக்கத்தை, இங்கே ஒவ்வொரு செயலிக்கும் கொடுத்தார்கள். பத்தாயிரத்திலிருந்து தொடங்கும் அந்த இலக்கங்கள் ஒவ்வொன்றும் ஒரு தனிக்குடி. ‘டேட்டா’ என்னும் கோப்புறைக்குள் இன்னொரு ‘டேட்டா’. அதற்குள் செயலியின் பொதிப்பெயர். அதற்குள் ‘டேட்டாபேசஸ்’ என்னும் அறை. ஏடு அங்கே இருக்கும். வழி நேரானதுதான், ஆயினும் அந்தக் குடிக்கு உரிய இலக்கத்தோடு வந்தாலன்றி வாசல் திறவாது. கைபேசியின் சொந்தக்காரனேயாயினும் கோப்புகளைக் காட்டும் சாதாரணச் செயலியைக் கொண்டு அங்கே நுழைய முடியாது.

என் மருமகன் கணினி முழுவதும் தேடியும் காணாததற்குக் காரணம் இன்னும் ஒரு படி ஆழமானது. அவன் பரிசோதித்தது கையில் பிடிக்கும் கைபேசியில் அன்று. மடிக்கணினிக்குள் ஓடும் பாவனைக் கைபேசி ஒன்றில். அந்தப் பாவனைக் கைபேசியின் தரவு வட்டு முழுவதும் கணினிக்கு ஒரே பெரிய கோப்பாகத் தோற்றுகிறது. அதற்குள்ளே அடங்கிய சிறு கோப்பின் பெயரைச் சொல்லிக் கணினியில் தேடுவது, பூட்டிய பெட்டிக்குள் உள்ள உறுதியை வீட்டுக்கூரையில் ஏறித் தேடுவது போலாகும். முன்னோடிகள் இதற்காகக் கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டி உள்ளே இறங்கினார்கள். ஆக்கத்தில் இருக்கும் செயலிக்கு மட்டும், அதன் இலக்கத்தை ஏற்றுக்கொண்டு உள்ளே போக அநுமதிக்கும் கட்டளை ஒன்று உண்டு. 2015இல் பேஸ்புக் நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்டெத்தோ’ என்னும் கருவி, செயலியின் ஏட்டை உலாவியில் விரித்துக் காட்டிற்று. 2017இல், செயலி ஆக்கும் மென்பொருளாகிய ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவின் மூன்றாம் பதிப்போடு, கைபேசியின் கோப்புறைகளை வரிசையாகத் திறந்து பார்க்கும் சாளரமும், 2020இல் ஓடிக்கொண்டிருக்கும் ஏட்டையே அட்டவணையாகப் படிக்கும் வசதியும் வந்தன.

ஐபோன் பக்கத்தில் ஏற்பாடு இதற்கு நேர்மாறு. அங்கே பாவனைக் கைபேசியின் கோப்புகள் மாக் கணினியின் வட்டில் சாதாரணக் கோப்புகளாகவே கிடக்கின்றன, பூட்டு இல்லை. ஆனால் கோப்புறைகளின் பெயர்கள் பொருளற்ற நீண்ட எழுத்தெண் கோவைகள். 2014இல் அவை இருந்த இடமே வேறொன்றாக மாற்றப்பட்டது; அதே ஆண்டில் செயலியும் அதன் தரவும் வெவ்வேறு கொள்கலங்களாகப் பிரிக்கப்பட்டன; மறுபடி நிறுவும்போது கோவையும் மாறிவிடலாம். ஆகவே அநுபவசாலிகள் இடத்தை மனனம் செய்வதை விட்டு, செயலி தொடங்கும்போதே தன் ஏட்டின் முழு வழியையும் ஆக்குவோனின் திரையில் சொல்லும்படி ஒரு வரி எழுதிவைத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த உபாயம் இதுவே. ஏட்டைத் தேடி அலையாமல் ஏட்டையே பேசவைக்கிறது.

வழி தெரிந்தபின் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லவேண்டும். கோப்பைக் கண்டுபிடித்து, கணினிக்குப் பிரதி எடுத்துத் திறந்தவன், உள்ளே ஒன்றும் இல்லாததைக் கண்டு திகைத்துவிட்டான். திரையில் தெரிந்த நாட்களும் வயல்களும் கோப்பில் இல்லை. உண்மையில் ஏடு தனியாக இருக்கவில்லை. அதன் அருகில், அதே பெயரோடு ஒட்டுப்பெயர் சேர்ந்த இரண்டு கோப்புகள் இருந்தன. 2010இல் எஸ்கியூலைட் ஏற்றுக்கொண்ட முறைப்படி, புதிய பதிவுகள் நேரே பேரேட்டில் ஏறாமல், முதலில் ஒரு குறிப்பேட்டின் அடியில் வரிசையாக எழுதப்படுகின்றன. குறிப்பேடு குறித்த பக்க அளவை எட்டியபோதோ, ஏடு முறையாக மூடப்பட்டபோதோ அவை பேரேட்டுக்கு மாறுகின்றன. மற்றக் கோப்பு, குறிப்பேட்டில் எது எங்கே என்று காட்டும் அட்டவணை. பரீட்சைக்கு எழுதிய பத்து வரி எப்பொழுது அந்த அளவை நிரப்பும்? பேரேட்டை மட்டும் தூக்கிவந்தவன் பழைய கணக்கைத்தான் கொண்டுவந்தான். கடைக்காரர் நாட்குறிப்பில் எழுதிப் பின்னர் பேரேட்டில் பதியும் வழக்கத்தைக் கண்டு வளர்ந்தவன் நான். அதைச் சொன்னதும் அவன் முகம் மலர்ந்தது. மூன்று கோப்புகளையும் ஒன்றாகக் கொண்டுவந்தபோது எல்லா வரிகளும் இருந்தன.

ஆயினும் அவனுக்கு நிம்மதி பூரணமாக உண்டாகவில்லை. ஆக்கத்தில் இருக்கும்வரைதான் அந்த வாசல் அவனுக்குத் திறக்கும். செயலி முற்றுப்பெற்று, கையொப்பமிடப்பட்டு, கமக்காரர் கைபேசிகளில் ஏறியபின், ஆக்கியவனாகிய அவனுக்கும் அது மூடிவிடும். அப்படி மூடுவதே நியாயம். ஒருவர் வயலின் கணக்கு அவருடையது. ஆனால் கைபேசி வாய்க்காலில் விழுந்தாலோ, செயலியை யாரேனும் அறியாமல் நீக்கிவிட்டாலோ, அந்தரங்க அறையும் அதனோடு ஏடும் போய்விடும். நொத்தாரிசின் கட்டும் பதிவகத்துப் பிரதியும் அதற்கு இல்லை. இதை யோசித்து, கமக்காரர் தாமே ஒரு தடவை தொட்டால் தம் ஏட்டின் முழுப்பிரதியும், குறிப்பேட்டில் உள்ளதும் பேரேட்டில் சேர்ந்தபின், தாம் விரும்பும் வேறோர் இடத்துக்குப் போய்ச் சேரும்படி ஒரு பொத்தானை அமைத்துக்கொண்டிருக்கிறான். காலபோகத்து விதைப்புக்கு முன் அது முடிந்துவிடவேண்டும் என்று இரவிலும் விளக்கெரிய உட்கார்ந்திருக்கிறான். உள்ளறையில் றங்குப்பெட்டி இருந்த இடத்தில்தான் அவனுடைய மேசை போடப்பட்டிருக்கிறது.