சோறு போட்ட உலை

2011, ஜூலை 9. ஜெர்மனியில் வுல்ஃப்ஸ்பர்க் நகரம். பெண்கள் உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியின் காலிறுதி.

ஒரு பக்கம் ஜெர்மனி. 2003ல் சாம்பியன். 2007ல் மறுபடியும் சாம்பியன். இந்தமுறை போட்டியை நடத்துவதும் அவர்களே. எதிர்ப்பக்கம் ஜப்பான். அதுவரை ஜெர்மனியை ஒருதரம்கூட ஜெயித்ததில்லை. போதாக்குறைக்கு நாலு நாள் முன்னால்தான் இங்கிலாந்திடம் இரண்டு கோல் வாங்கித் தோற்றுவிட்டு வந்திருந்தார்கள். அரங்கில் இருந்த 26,000 பேரில் பெரும்பாலோருக்கு முடிவைப் பற்றிச் சந்தேகமே கிடையாது.

தொண்ணூறு நிமிடம் ஆடியாகிவிட்டது. கோல் விழவில்லை. கூடுதல் நேரம் கொடுத்தார்கள். 108வது நிமிடம். கேப்டன் ஹொமாரே சாவா, தடுப்பாட்டக்காரர்களுக்குப் பின்னால் ஒரு பந்தைத் தூக்கிப் போடுகிறார். இரண்டாவது பாதியில் மாற்று ஆளாக உள்ளே வந்த ஒரு பெண் துரத்திக்கொண்டு ஓடுகிறார். வலது ஓரம். கோணமோ படுகுறுகல். அங்கிருந்து அடித்தால் போகாது என்றுதான் யாருக்கும் தோன்றும். அடித்தார். கோல்கீப்பர் ஆங்கெரரைத் தாண்டி, எதிர்மூலையில் போய் விழுந்தது பந்து.

ஜப்பான் 1, ஜெர்மனி 0. உலகக் கோப்பையில் 1999க்குப் பிறகு ஜெர்மனிக்கு அதுதான் முதல் தோல்வி.

அடித்தவர் பெயர் கரினா மருயாமா. முன்கள ஆட்டக்காரர். 1983ல் டோக்கியோவில் பிறந்தவர். அணிக்குப் புதுசெல்லாம் இல்லை. 2004 ஏதென்ஸ், 2008 பெய்ஜிங் என்று இரண்டு ஒலிம்பிக் பார்த்தவர்.

அவருக்கு இன்னொரு முகவரியும் இருந்தது. ஃபுகுஷிமா டாய்ச்சி அணுமின் நிலையம். ஆமாம், அதே ஃபுகுஷிமாதான். மருயாமா அங்கே உத்தியோகம் பார்த்தவர்.

கால்பந்து ஆடுகிற பெண்ணுக்கு அணுமின் நிலையத்தில் என்ன வேலை? அதைப் புரிந்துகொள்ள, கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

ஜப்பானில் பெண்களுக்கான கால்பந்து லீக் 1989ல் ஆரம்பமானது. பொருளாதாரம் வீங்கியிருந்த காலம். பெரிய கம்பெனிகள் ஆளுக்கொரு அணி வைத்துக்கொண்டன. ஆட்டக்காரர்களில் பலர் பகலில் வேலை பார்ப்பார்கள், சாயங்காலம் பந்து உதைப்பார்கள். பிறகு வீக்கம் வடிந்தது. எதை வெட்டலாம் என்று கம்பெனிகள் யோசித்தபோது, முதலில் கண்ணில் பட்டது பெண்கள் அணி. நிக்கோ என்கிற பங்குத் தரகு நிறுவனத்தின் அணி 1996 முதல் 1998 வரை தொடர்ந்து மூன்று வருடம் சாம்பியன். மூன்றாவது கோப்பை வாங்கிய கையோடு கலைத்துவிட்டார்கள். கோப்பை வரவில் வராது, அணி மட்டும் செலவில் வரும் என்றால் வேறென்ன நடக்கும்?

ஆக, ஆடவும் விட்டு மாதச் சம்பளமும் கொடுக்கிற முதலாளி கிடைப்பது குதிரைக் கொம்பு. மருயாமாவுக்கு 2005ல் கிடைத்தார். டோக்கியோ மின்சாரக் கம்பெனி. சுருக்கமாக, டெப்கோ. அணியின் பெயர் மரீஸே. கடல், தென்றல் என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களை ஒட்டிச் செய்த பெயர்.

டெப்கோ வெறும் கலையார்வத்தில் இதைச் செய்யவில்லை. உலைகள் ஃபுகுஷிமாவில். மின்சாரமோ டோக்கியோவுக்கு. ஆபத்து ஓரிடம், வெளிச்சம் வேறிடம். உள்ளூர்க்காரர்கள் முகம் கோணாமல் இருக்கவேண்டாமா? 1997ல் சுமார் 1,300 கோடி யென் செலவில் ஜே-வில்லேஜ் என்கிற மாபெரும் கால்பந்துப் பயிற்சி மையத்தைக் கட்டி மாகாணத்துக்குப் பரிசாகவே கொடுத்தது. டாய்ச்சி உலைகளிலிருந்து இருபது கிலோமீட்டர். தேசிய அணிகளே அங்கே வந்து பயிற்சி எடுக்கும். மரீஸேவுக்கும் அதுதான் களம்.

2008ல் இன்னொன்று நடந்தது. டாய்ச்சியை 15.7 மீட்டர் உயர சுனாமி தாக்க வாய்ப்புண்டு என்று டெப்கோவின் உள் ஆய்வு ஒன்று சொன்னது. மேலிடம் மேற்கொண்டு ஆராயலாம் என்று தள்ளிப்போட்டது. சுவர் எழும்பவில்லை. அப்போது மருயாமா அங்கேதான் பணியில் இருந்தார். இந்தக் கணக்கெல்லாம் அவர் காதுக்கு வந்திருக்க வழியில்லை. அடுத்த வருடம் வேலையை விட்டார். 2010ல் அமெரிக்க லீக்கில் ஆடப் போய், பிறகு நாடு திரும்பினார்.

2011, மார்ச் 11. 9 அளவு நிலநடுக்கம். சுனாமி. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாகப் பதினெட்டாயிரத்துக்கு மேல். மறுநாள் டாய்ச்சியின் முதல் உலைக் கட்டடம் வெடித்தது. இருபது கிலோமீட்டர் சுற்றளவுக்கு ஊர் ஊராகக் காலி செய்தார்கள். மருயாமா வேலைக்குப் போய்வந்த சாலை, கூட வேலை பார்த்தவர்களின் வீடு, எல்லாம் நுழையக்கூடாத பகுதி. ஜே-வில்லேஜின் புல்தரைகள் மீது வண்டிகள் நின்றன. உலைக்குப் போகிற தொழிலாளர்கள் அங்கேதான் கவச உடை மாட்டிக்கொண்டார்கள். மரீஸே ஆட்டத்தை நிறுத்தியது. பிறகு திரும்பவே இல்லை.

இதற்கு நாலாவது மாசம்தான் உலகக் கோப்பை. ஜெர்மனியுடன் மோதுவதற்கு முன்னால் பயிற்சியாளர் நோரியோ சசாகி, வியூகம் பற்றி மட்டும் பேசவில்லை. சுனாமி அழித்த ஊர்களின் படங்களைப் போட்டுக் காட்டினார். அந்த அறையில் மருயாமா இருந்தார். மரீஸேயில் ஆடிய இன்னொரு பெண், அயா சமேஷிமாவும் இருந்தார். மற்றவர்களுக்கு அது செய்தி. இவர்களுக்கு விலாசம்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். 108வது நிமிடம். அப்புறம் அரையிறுதியில் ஸ்வீடன். ஜூலை 17, ஃபிராங்க்ஃபர்ட்டில் இறுதி ஆட்டம். அமெரிக்காவிடம் இரண்டு தரம் பின்தங்கி, இரண்டு தரமும் எட்டிப் பிடித்து, பெனால்டியில் 3-1. ஆணோ பெண்ணோ, கால்பந்து உலகக் கோப்பையை வென்ற முதல் ஆசிய தேசம் ஜப்பான்.

பிரதமர் கையால் தேசிய கௌரவ விருது கொடுத்தார்கள். கூடவே ஆளுக்கொரு பரிசு. என்ன தெரியுமா? ஒப்பனை செய்துகொள்கிற பிரஷ்! குமானோ என்கிற ஊரின் புகழ்பெற்ற கைவேலைதான், மட்டமான பொருள் இல்லை. இருந்தாலும் உலக சாம்பியன்களுக்குக் கொடுக்க அதுதான் தோன்றியிருக்கிறது. அடுத்த வருடம் லண்டன் ஒலிம்பிக்குக்குக் கிளம்பியபோது, ஆண்கள் அணி பிஸினஸ் கிளாஸில் போனது. உலகக் கோப்பை வென்ற பெண்கள் எகானமியில் போனார்கள்.

அந்த லண்டன் அணியில் மருயாமாவும் இருந்தார். ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றபிறகு தொலைக்காட்சிக்குப் போனார். இன்று ஜப்பானில் அவரை நகைச்சுவை நிகழ்ச்சிகளில் வெகுளியாகப் பேசிச் சிரிக்க வைக்கிற பெண்ணாகத்தான் பலருக்கும் தெரியும். பெண்களுக்கான முழுநேரத் தொழில்முறை லீக் 2021ல்தான் வந்தது. அவர் காலம் முடிந்தபிறகு.

ஐந்தொகை போட்டுப் பார்த்தால் குழப்பமாகத்தான் இருக்கிறது. ஒரு கம்பெனி ஒரு பெண்ணுக்குச் சோறு போட்டது, புல்தரை கொடுத்தது, அவர் உலகக் கோப்பை வரை போனார். இது வரவு. அதே கம்பெனி ஒரு சுவரைக் கட்டாமல் தள்ளிப்போட்டது. அந்தப் புல்தரை போனது, பல ஊர்கள் போயின. இது செலவு. வரவு என்னவோ உண்மைதான். அதைக் காட்டி இந்தச் செலவை நேர் செய்ய முடியாது. ஒரு கோல் அடித்து ஒரு ஊரை மீட்க முடியாது. மருயாமாவும் அப்படி எதையும் மீட்கவில்லை. போன ஊரை உலகம் ஒரு ராத்திரி நினைத்துப் பார்க்கும்படி செய்தார். அவரால் முடிந்தது அது. கம்பெனியால் அதுகூட முடியவில்லை.

2021, மார்ச் 25. டோக்கியோ ஒலிம்பிக் ஜோதி ஓட்டம் ஜே-வில்லேஜில் தொடங்கியது. முதலில் ஏந்தி ஓடியவர்கள், 2011ல் கோப்பை வென்ற அணியினர். புல் திரும்ப முளைத்திருந்தது. அங்கிருந்து இருபது கிலோமீட்டரில், உருகிய எரிபொருளை வெளியே எடுக்கிற வேலை அன்றைக்கு ஆரம்பிக்கவே இல்லை.

முதல் துணுக்கு வெளியே வர 2024 ஆனது. ஒரு கிராம்கூடத் தேறாது. உள்ளே இருப்பது சுமார் 880 டன்.