கஜானாவிலிருந்து கக்கூஸ் வரை

கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு பாட்டி மாத்திரை வாங்கிக்கொண்டு போகிறார். காசு கொடுக்கவில்லை. யார் கொடுத்தது? "கவர்மென்ட்தான்" என்பீர்கள். சரி, கவர்மென்டுக்கு இந்தப் பழக்கம் எப்போது வந்தது? நாஞ்சில் நாட்டில் இதைக் கேட்டால், இருநூறு வருடத்துக்கும் மேல் பின்னால் போகவேண்டியிருக்கும்.

அப்போது நாகர்கோவில், தக்கலை, குளச்சல் எல்லாமே திருவிதாங்கூர் சமஸ்தானம். 1813-ல், ராணி கௌரி லட்சுமி பாய் ஆட்சியில், அரசுச் செலவில் அம்மை குத்தும் திட்டம் வந்தது. பெரியம்மை கொத்துக்கொத்தாக ஆளை அடித்துக்கொண்டிருந்த காலம். ஆனால் மாட்டு அம்மைச் சீழை மனுஷ உடம்பில் ஏற்றுவதென்றால் யார் சம்மதிப்பார்கள்? ராணி அரண்மனையிலிருந்தே ஆரம்பித்தார். முதலில் ராஜ குடும்பம், பிறகு ஜனங்கள்.

அம்மை குத்த ஆள் அனுப்பிவிடலாம். ஊருக்கு ஊர் ஆஸ்பத்திரி கட்டுவதற்குப் பணம்? சமஸ்தானம் ஒரு சாமர்த்தியம் செய்தது. ஏற்கெனவே வைத்தியம் பார்க்கிறவர்களுக்கு மானியம் கொடுத்தது. நெய்யூரில் 1838-லேயே லண்டன் மிஷன் டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே வைத்தியம் ஆரம்பித்திருந்தார். (எவரெஸ்ட் ஏறப் போன சாமர்வெல், அந்தப் புகழையெல்லாம் விட்டுவிட்டு வந்து கத்தி பிடித்தது இதே நெய்யூர் ஆஸ்பத்திரியில்தான்.) இப்படிப்பட்ட மிஷன் ஆஸ்பத்திரிகளுக்கும் மானியம் உண்டு, ஏழைகளுக்கு மருந்து கொடுக்கும் ஆயுர்வேத வைத்தியசாலைகளுக்கும் உண்டு. குறைந்த செலவு, நிறைய வைத்தியம்!

ஆனால் வைத்தியம் மட்டும் போதாது என்று சொல்லிக்கொடுக்க ஒரு புழு வந்தது. கொக்கிப்புழு.

1928-ல் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை, டாக்டர் ஜேகாக்ஸ் என்பவரைத் திருவிதாங்கூருக்கு அனுப்பியது. வெட்டவெளியில் 'போகிற' இடத்து ஈரமண்ணில் இந்தப் புழுவின் குஞ்சு காத்திருக்கும். வெறுங்காலோடு மிதித்தால் தோலைத் துளைத்து உள்ளே போய், குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும். ஆள் சோகை பிடித்து வெளுத்துப்போவான். மருந்து கொடுத்தால் புழு செத்து வெளியே வரும். ஆள் மறுநாள் அதே வயலுக்கு, அதே வெறுங்காலோடு போவான். பழைய கதைதான்! ஆகவே மருந்துக்குப் பணம் ஒதுக்கினால், கக்கூஸுக்கும் ஒதுக்கியாகவேண்டும்.

ராக்ஃபெல்லர்காரர்கள் இதில் கெட்டி. ஆரம்பத்தில் ஆளும் பணமும் தருவார்கள். போகப்போகச் செலவை உள்ளூர் அரசே ஏற்கவேண்டும். திருவிதாங்கூர் ஏற்றது. 1930-களில் விளவங்கோட்டை ஒட்டிய நெய்யாற்றின்கரையில் மாதிரி சுகாதார மையம் நடந்தது. நோய்த் தடுப்புக்கென்று தனித் துறையும் உருவானது. அன்னியப் பணம் திரும்பிப் போனது. துறை நின்றது.

1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. அதிர்ஷ்டம் பாருங்கள், இங்கேயும் தடுப்புக்குத் தனித் துறை இருந்தது! 1939-ம் வருடத்துச் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம், நகராட்சிகள் தங்கள் சொந்த வருமானத்தில் குறைந்தது 30 சதவிகிதத்தைச் சுகாதாரத்துக்கு ஒதுக்கவேண்டும் என்றே சொன்னது. ஆஸ்பத்திரிக்கு ஒரு பை, தடுப்புக்கு ஒரு பை. இன்றைக்கும் தமிழ்நாட்டில் இரண்டுக்கும் தனித்தனி இயக்குநரகம்.

ஏன் இந்தத் தனிப்பை அவ்வளவு முக்கியம்? புதிய ஆஸ்பத்திரிக்கு ரிப்பன் வெட்டலாம், ஃபோட்டோ வரும். வராமல் போன காலராவுக்கு யார் ரிப்பன் வெட்டுவது? ஒரே பையில் பணம் இருந்தால், சாக்கடை மருந்தும் கிராம நர்ஸின் சம்பளமும்தான் முதலில் வெட்டுப்படும். 2017-ன் தேசிய சுகாதாரக் கொள்கை, 2025-க்குள் அரசுகளின் சுகாதாரச் செலவு நாட்டு உற்பத்தியில் 2.5 சதவிகிதம் ஆகவேண்டும் என்றது. 2021-22-ல் அது 1.84 சதவிகிதம். மொத்தப் பையே சின்னதென்றால் உள்பையின் கதி?

அடுத்த பட்ஜெட் அன்று, எத்தனை ஆஸ்பத்திரி என்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். நாம் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்க எவ்வளவு ஒதுக்கினார்கள் என்றும் தேடிப் பாருங்கள்.