மொகிலிக் கணவாயும் மாட்டின் தாடையும்

சித்தூரிலிருந்து மேற்கே பலமனேருக்குச் செல்லும் பெருவழியில், சமவெளி முடிந்து மைசூர் மேட்டுநிலத்தின் ஏற்றம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் அமைந்திருக்கும் பங்காருபாளையம், சித்தூர்ப் பாளையங்கள் எனப் பெயர் பெற்றவற்றுள் ஒன்றாகவும், 1911-ஆம் ஆண்டு வரையில் வடஆற்காட்டு ஜில்லாவைச் சேர்ந்ததாகவும் இருந்து, இன்று மாங்காய் மண்டிக்குப் பேர்போன ஊராக விளங்குகிறது. இவ்வூரின் சரித்திரத்தைப் பாளையக்காரரையும் கும்பினியாரையும் கொண்டு எழுதுவது வழக்கம். ஆயினும் ரயிலும் மோட்டாரும் வாராத காலத்தில் இவ்வழியே ஏறி இறங்கிய மூட்டைகளையும் பீரங்கிகளையும் பெரும்பாலும் இழுத்தவை மாடுகள்; அம்மாடுகளை இழுக்கவைத்தது அவை தின்ற தீனி; அந்தத் தீனியைப் பலமாக மாற்றும் தொழிலைத் தொடங்கிவைத்தது அவற்றின் தாடைத் தசை. அந்தத் தசையின் வழியாகவும் இப்பக்கத்துச் சரித்திரத்தைச் சொல்லலாம் என்பது என் துணிபு.

1791-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், திப்பு சுல்தானோடு போர் தொடுத்திருந்த கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் பிரபு, ஆம்பூர்ப் பக்கமாக மலையேறப் போவதுபோல் போக்குக் காட்டிவிட்டு, சேனையை வடக்கே திருப்பிச் சித்தூர் வழியாக வந்து, பங்காருபாளையத்துக்கு அப்பால் உள்ள மொகிலிக் கணவாயில் தடையின்றி ஏறிப் பலமனேரை அடைந்தார். அடுத்த மாதமே பெங்களூர்க் கோட்டை அவர் வசமாயிற்று. ஆனால் மே மாதத்தில் ஸ்ரீரங்கப்பட்டணத்தை நெருங்கியபோது, திப்புவின் ஆட்கள் புல்லையும் வைக்கோற்போரையும் அழித்துவிட்டிருந்தபடியால் மாடுகள் தீனியின்றியும் நோயாலும் கூட்டங்கூட்டமாக மடிய, சிப்பாய்களே பீரங்கிகளை இழுக்க நேர்ந்து, முடிவில் கோட்டை தகர்க்கும் பெரும் பீரங்கிகளைத் தம் கையாலேயே அழித்துவிட்டு அந்தச் சேனை பின்வாங்கியது. போர்க்களத்தில் தோல்வியுறாத சேனையைத் திருப்பி அனுப்பியது மாடுகளின் வெறும் வாய் என்று சொன்னால் அது மிகையாகாது.

அந்த வாயின் அமைப்பு அற்புதமானது. மாட்டுக்கு மேல்தாடையின் முன்புறத்தில் பல்லே கிடையாது. கெட்டிப்பட்ட ஈறு ஒன்றே உண்டு. நாவால் புல்லை வளைத்து இழுத்துக் கீழ்ப்பற்களுக்கும் அவ்வீற்றுக்கும் இடையே பற்றி அறுத்து, அரைகுறையாக மென்று விழுங்கிவிட்டு, பிற்பாடு நிழலில் படுத்து, உண்டையுண்டையாக மேலே வரவழைத்து, ஒவ்வோர் உண்டையையும் ஏறத்தாழ ஐம்பது தடவை மெல்லுகிறது. இவ்விதம் அசைபோடுவதிலேயே நாளொன்றுக்கு ஏழெட்டு மணி நேரம் செல்கிறது. சிறுத்தை, நாய் முதலிய மாமிசபட்சிணிகளுக்கு நெற்றிப்பொட்டில் பரந்து கிடக்கும் தசையே பிரதானம். தாடையைக் கத்தரிபோல் மேலும் கீழுமாக மூடி, இரையை விடாது பற்றுவதே அதன் வேலை. மாட்டுக்கோ பொட்டுத் தசை சிறுத்து, கன்னத் தசை பெருத்திருக்கிறது. அந்தக் கன்னத் தசையும், தாடையின் உட்புறத்தில் அதற்கு இணையாக அமைந்த மற்றொரு தசையும் ஒரு பக்கத்துக்கொன்றாக மாறிமாறி இழுக்க, கீழ்த்தாடை பக்கவாட்டில் நகர்ந்து, கடைவாய்ப் பற்களின் வரம்புகளுக்கிடையே கேழ்வரகுத் தாளும் கடலைக்கொடியும் அரைபடுகின்றன. படுத்திருக்கும் மாட்டின் கன்னத்தைக் கூர்ந்து நோக்கினால், விநாடிக்கொன்றாகத் தோலின் அடியில் அலை எழுந்து அடங்குவது கண்ணுக்கு நன்றாகத் தெரியும்.

பல் பார்த்து மாடு பிடிக்கும் வழக்கம் இந்த அமைப்பை அறிந்தவர்களிடையே வளர்ந்த கலை. முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பல் இல்லாத இடைவெளியில் தரகர் கட்டைவிரலை நுழைத்து அழுத்த, வாய் திறக்கும். நாக்கை ஒதுக்கிவிட்டுக் கீழ்வரிசையைப் பார்ப்பார். பால்பல் விழுந்து நடுவில் இரண்டு அகன்ற பற்கள் முளைத்திருந்தால் ஏறக்குறைய இரண்டு வயது. பின்னர் நாலு பல், ஆறு பல் என ஏறி, எட்டும் முளைத்து நான்கரை ஐந்து வயதில் ‘பல் சேர்ந்தது’ என்று பெயர் பெறும். அதன்பின் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவார்கள். ஆனால் தேர்ந்த குடியானவர் அதோடு நிற்பதில்லை. வாயைத் திறக்கும்போது தாடை எவ்வளவு வலுவாக எதிர்க்கிறது என்பதைக் கையால் அறிந்து, பிறகு மாட்டைக் கட்டிவிட்டு அது அசைபோடுகிறதா என்று காத்திருந்து பார்ப்பார். பல் வயதைச் சொல்லும். உடம்பின் நிலையைச் சொல்லுவது அசையே. ஜுரம் கண்டாலும், வயிறு உப்பினாலும், கோமாரியால் வாய் புண்ணானாலும் முதலில் நிற்பது அதுதான். வெக்கை நோய் கிராமம் கிராமமாகத் தொழுவங்களைக் காலியாக்கிய நாட்களில், விடியற்காலையில் எழுந்தவுடன் மாடுகளின் வாயைப் பார்த்த குடியானவனின் பயம் எத்தகையது என்பதை இன்று நம்மால் ஊகிக்கத்தான் முடியும். அந்நோய் இந்தியாவை விட்டும், 2011-இல் உலகத்தை விட்டும் ஒழிந்தது கால்நடை வைத்தியத்தின் மகத்தான சாதனை.

தாடைத் தசையையே பற்றும் நோய்களும் உண்டு. லாடம் அடித்த காயத்திலோ மூக்கணாங்கயிற்றுப் புண்ணிலோ மண் வழியாகப் புகும் கிருமியால் ரணஜன்னி வந்தால், காது விறைத்து, வால் கட்டையாகி, தாடை பூட்டிக்கொள்ளும். அக்கிருமியின் விஷம் நரம்பின் வழியே மூளைத் தண்டுக்கு ஏறுவதாலும், தாடைக்குச் செல்லும் நரம்பு குறுகியதாதலாலும், இந்தத் தசையே பெரும்பாலும் முதலில் இறுகுகிறது. சூடு போட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு கதியில்லாதிருந்த இந்நோயின் கிருமியை 1889-இல் கிடஸாட்டோ என்னும் ஜப்பானியர் பெர்லினில் தனித்து வளர்த்துக் காட்டியபின்பே நஞ்சுமுறிவு மருந்துக்கு வழி பிறந்தது. இதே ஜன்னி பிறந்த குழந்தையின் தொப்புள் வழியே புகுந்தால் குழந்தை முலையுண்ண முடியாமல் தவிக்கும். பிரசவகாலத்து ரணஜன்னி ஒழிந்ததாகச் சோதித்து ஏற்கப்பட்ட இந்திய மாநிலங்களுள் 2003-இல் முதலாவதாக வந்தது ஆந்திரம்.

இதற்கு நேர்மாறானது வெறிநோயின் வாதவகை. தசை இறுகுவதற்குப் பதிலாகத் தளர்ந்து, தாடை தொங்கி, எச்சில் ஒழுக, மாடு விழுங்கமுடியாமல் நிற்கும். தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்டது என்றெண்ணி, அன்பின் மிகுதியால் வாய்க்குள் கைவிட்டுத் துழாவுகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அந்த எச்சிலிலேயே மரணம் இருக்கிறது. நோய் தொற்றியவர் உடனே தடுப்பூசி போட்டுக்கொள்ளாவிட்டால் பிழைப்பதில்லை. பல் பார்க்கப் பழகிய கைகள் உள்ள ஊர்களில் இந்த ஒரு செய்தியைத் தண்டோரா போட்டாவது சொல்லவேண்டும்.

இப்பக்கத்து மாடுகளின் நிலை இன்று மாறிவிட்டது. 1955-இல் திருப்பதியில் கால்நடை வைத்தியக் கல்லூரி ஏற்பட்டது. பலமனேர் ஆராய்ச்சி நிலையத்தில், மூன்றடி உயரமே உள்ள, காய்ந்த புல்லைத் தின்றே பால் கறக்கும் புங்கனூர்ப் பசுக்கள், இனம் அற்றுப்போகாதபடி பேணப்படுகின்றன. வண்டியிழுத்த காளைகளின் இடத்தை டிராக்டரும் லாரியும் பிடித்துவிட்டன. மாட்டின் காதில் பன்னிரண்டு இலக்க எண் பொறித்த வில்லை தொங்க, அதன் விவரங்கள் கணினியில் பதிவாகின்றன. பல் பார்க்கும் தேவை இதனால் குறையலாம். அசைபோடும் வரையில் பொறுத்திருந்து பார்க்கும் பழக்கத்தைக் கறவை மாடு வாங்குகிறவர்கள் கைவிடக்கூடாது.