வெண்கலத்துக்கு முன்னால் ஒரு வேலை



நம் கணக்கு சாருக்கு வெண்கலப் பதக்கம் வெளியிடுவது என்று சங்கம் முடிவு செய்தது உங்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் சாரின் முகம். மறுபக்கம் அவர் தொடங்கி வைத்த கணிதப் போட்டியின் பெயர். தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை என்று சுற்றுவட்டாரப் பிள்ளைகள் எல்லாம் வருஷா வருஷம் வந்து மண்டையை உடைத்துக் கொண்ட போட்டி அது. வார்ப்புப் பட்டறையில் பேசும் வேலை என் தலையில் விழுந்தது. "நீதான் இன்ஜினீயராச்சே!" என்றார்கள்.

செம்பு 90 பங்கு, வெள்ளீயம் 10 பங்கு என்று நான் ஆரம்பித்தேன். பட்டறைக்காரர் சிரித்தார். "அது இருக்கட்டும் தம்பி, அவர் போட்டோ எங்கே?" என்றார்.

தேடினோம். ஒரே ஒரு குரூப் போட்டோ. அதிலும் மூன்றாவது வரிசையில் பாதி முகம். சரி, போட்டியின் வினாத்தாள்களாவது இருக்குமா என்று பார்த்தால் ஒன்றுகூட இல்லை. அப்போது எனக்கு இன்னொரு ஆசிரியர் நினைவுக்கு வந்தார்.

பள்ளியில் படிக்கும்போது, இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் நடத்தும் திறனாய்வுத் தேர்வு எழுதியிருக்கிறேன். உங்களில் பலரும் எழுதியிருப்பீர்கள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1965ல் பிறந்த சங்கம் அது. அதன் ஆரம்பகாலத் தூண்களில் ஒருவர் பி.கே. சீனிவாசன். முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியின் கணக்கு வாத்தியார். 1924ல் பிறந்தவர், 2005ல் மறைந்தார்.

ராமானுஜன் 1920ல் காலமானவர். அவர் எழுதிய கடிதங்கள் யார் யார் வீட்டிலோ கிடந்தன. பழகிய நண்பர்களும் உறவினர்களும் முதுமை அடைந்து கொண்டிருந்தார்கள். சீனிவாசன் அவர்களைத் தேடித் தேடிப் போய்க் கடிதங்களையும் நினைவுகளையும் சேகரித்தார். 1968ல் அவை இரண்டு தொகுதிகளாக வெளிவந்தன. வெளியிட்டது யார் தெரியுமா? பெரிய பல்கலைக்கழகமோ அரசாங்கமோ இல்லை. அந்தப் பள்ளியின் எண் நண்பர்கள் கழகமும், பழைய மாணவர் குழுவும்! நம்மைப் போன்ற ஒரு சங்கம்தான் சார். ராபர்ட் கனிகல் 1991ல் எழுதிய புகழ்பெற்ற ராமானுஜன் வரலாற்றுக்கும் அந்தக் கடிதங்கள் கைகொடுத்தன. 1993ல் ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகம் அமைந்தபோது அதை நடத்தியவரும் சீனிவாசன்தான்.

இனி வெண்கலக் கதை. கணவருக்குச் சிலை வைப்பதாகச் சொன்னார்களே, எங்கே அந்தச் சிலை என்று திருவல்லிக்கேணியில் வாழ்ந்த ஜானகி அம்மாள் 1981ல் ஒரு பேட்டியில் கேட்டார். அமெரிக்கக் கணித அறிஞர் ரிச்சர்ட் ஆஸ்கி அதைப் படித்து முயற்சி எடுத்தார். உலகெங்கும் கணிதக்காரர்கள் பணம் போட்டார்கள். பால் கிரான்லண்ட் என்ற சிற்பி வெண்கல மார்பளவுச் சிலை செய்தார். அதன் பிரதி ஒன்று அந்த அம்மாளின் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. அவர் 1994ல் மறையும் முன் கண்ணாரப் பார்த்துவிட்டார்.

ஆனால் ராமானுஜனை நேரில் பார்த்திராத சிற்பி எதைப் பார்த்துச் செய்தார்? 1919ல் எடுத்த பாஸ்போர்ட் புகைப்படம் ஒன்றை வைத்துத்தான். ஜானகி அம்மாள் பத்திரமாக வைத்திருந்த அந்தப் படத்தை 1936ல் வந்து வாங்கிப் போனவர் வானியல் அறிஞர் சந்திரசேகர். அந்தச் சின்னப் படம் தொலைந்திருந்தால் எத்தனை பணம் சேர்ந்து என்ன பயன்?

சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, சூடாக்கி, மெழுகு உருகி ஓடிய இடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். மெழுகில் இல்லாத மூக்கும் முழியும் உலோகத்தில் எப்படி வரும்?

ஆகவே ஒரு வேண்டுகோள். பதக்கத்துக்கு நன்கொடை தாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன் வீட்டுப் பரணில் இருக்கும் டிரங்குப் பெட்டியைக் கீழே இறக்குங்கள். சார் கைப்பட எழுதிய வினாத்தாள், "வழி சரி, அவசரம் தப்பு" என்று அவர் சிவப்பு மையில் திருத்திக் கொடுத்த காகிதம், ஒரு புகைப்படம், எது கிடைத்தாலும் சந்திப்புக்குக் கொண்டு வாருங்கள். பிரதி எடுத்துக் கொண்டு திருப்பித் தருகிறோம். இப்போது படிக்கும் தம்பி தங்கைகள் அந்தக் கணக்குகளைப் போட்டுப் பார்க்கட்டும்.

பட்டறைக்காரர் காத்திருக்கிறார்.